ஜெஸ்ஸி ஜேம்ஸ் யாருக்குக் கொடுத்தான்?

அமெரிக்காவின் பேர்போன கொள்ளைக்காரர்கள் ஏழைகளின் காவலர்கள் என்றொரு வாதம் நூற்றைம்பது வருஷமாக உயிரோடு இருக்கிறது. ஜெஸ்ஸி ஜேம்ஸ், பில்லி த கிட், புட்ச் காசிடி, ஜான் டில்லிஞ்சர், பிரெட்டி பாய் ஃபிளாய்ட், போனியும் கிளைடும் என்று ஆள்தான் மாறுகிறது, வாதம் மாறுவதில்லை. இவர்கள் வங்கியிலும் ரயிலிலும்தான் கை வைத்தார்கள், இல்லாதவனைத் தொடவில்லை, எடுத்ததில் ஒரு பங்கை அவனுக்கே கொடுத்தார்கள், அதனால்தான் ஊர் அவர்களை ஒளித்து வைத்தது, செத்தபின் பாட்டுக் கட்டியது. ஹாலிவுட் இதைப் பல நூறு படங்களில் சொல்லிவிட்டது. எரிக் ஹாப்ஸ்பாம் 1959-லும் 1969-லும் கொள்ளையரைப் பற்றி எழுதிய இரண்டு நூல்களுக்குப் பிறகு, 'சமூகக் கொள்ளையன்' என்ற பட்டத்தோடு இது பல்கலைக்கழகத்துக்குள்ளும் நுழைந்துவிட்டது. லயன், முத்து காமிக்ஸ் படித்து வளர்ந்த நம் வாசகர்களுக்கும் இந்தக் குதிரைக் குளம்புச் சத்தம் பழக்கமானதே.

வாதத்தை அதன் வலுவான வடிவிலேயே எடுத்துக்கொள்வோம். ஜெஸ்ஸி ஜேம்ஸ் பிறந்த மிசூரி, உள்நாட்டுப் போரில் அண்டை வீட்டானை அண்டை வீட்டான் கொன்ற மாநிலம். 1863 மே மாதம் ஒன்றியத்தின் பக்கம் நின்ற உள்ளூர்ப் படை ஜேம்ஸ் பண்ணைக்குள் புகுந்து, ஜெஸ்ஸியின் மாற்றாந்தந்தை ரூபன் சாமுவேலைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சித்திரவதை செய்தது. போர் முடிந்த 1865-ல் மிசூரி இயற்றிய அரசியல் சட்டம், தெற்கோடு நின்றவர்களின் வாக்குரிமையைப் பறித்தது. அவர்கள் பள்ளியில் பாடம் நடத்தக்கூடாது, தேவாலயத்தில் பிரசங்கம் செய்யக்கூடாது, ஜூரியாக உட்காரக்கூடாது என்றது. 1875 ஜனவரியில் பிங்கர்டன் துப்பறியும் கம்பெனியின் ஆட்கள் அதே பண்ணை வீட்டுக்குள் தீக்குண்டு எறிந்தார்கள். ஜெஸ்ஸியின் எட்டு வயதுத் தம்பி ஆர்ச்சி செத்தான். தாய் ஜெரெல்டாவுக்கு வலக்கை போனது. மறுபக்கம் ரயில் கம்பெனிகள் சரக்குக் கட்டணத்தில் விவசாயியைப் பிழிந்தன. வராத ரயிலுக்காகக் கடன்பத்திரம் எழுதிக்கொடுத்து ஏமாந்த கவுண்டிகள் மிசூரியில் பல. சட்டத்தின் பெயரால் கோடிகளை விழுங்கியவர்கள் மாளிகையில் இருந்தார்கள். துப்பாக்கியைக் காட்டிச் சில ஆயிரம் எடுத்தவன் மட்டும்தான் திருடனா?

இதில் எந்தச் சம்பவத்தையும் நான் மறுக்கவில்லை. இவற்றிலிருந்து இழுக்கப்படும் முடிவைத்தான் மறுக்கிறேன்.

1. யாருக்குக் கொடுத்தான்? ஒரு பெயர் சொல்லுங்கள்.

ஆதரவாளர்கள் கைவசம் இருப்பது ஒரு விதவையின் கதை. ஜெஸ்ஸியும் கூட்டாளிகளும் அவள் வீட்டில் சாப்பிடுகிறார்கள். அடமானக் கடனுக்குப் பண்ணை அன்று பறிபோகப் போகிறதென்று அவள் அழுகிறாள். ஜெஸ்ஸி பணத்தைக் கொடுத்து, ரசீது வாங்க மறக்காதே என்று சொல்லிவிட்டுப் போகிறான். கடன் கொடுத்தவன் வசூல் செய்து திரும்புகையில் ஜெஸ்ஸி அவனை வழியில் மடக்கிப் பணத்தைப் பிடுங்கிக்கொள்கிறான். நல்ல கதை. ஆனால் விதவைக்குப் பெயர் இல்லை, ஊர் இல்லை, வங்கியும் இல்லை. ஆளையும் இடத்தையும் மாற்றிப் பல கொள்ளைக்காரர்களின் தலையில் இதே கதையைச் சூட்டியிருக்கிறார்கள். ஜெஸ்ஸியின் வாழ்க்கையைத் துருவிய வரலாற்றாசிரியர்களுக்கு, கொள்ளைப் பணம் கும்பலுக்கும் சுற்றத்துக்கும் வெளியே போனதற்கு ஒரு சான்றும் அகப்படவில்லை.

அப்படியென்றால் இந்தக் கூற்று எங்கிருந்து வந்தது? 1872 செப்டம்பரில் கான்சாஸ் சிட்டி கண்காட்சியின் நுழைவுச்சீட்டுப் பணத்தை மூன்று குதிரைக்காரர்கள் கூட்டத்தின் நடுவே பறித்துக்கொண்டு போனார்கள். ஆயிரம் டாலருக்குள்தான் தேறியது. நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஒரு சிறுமியின் காலில் குண்டு பாய்ந்தது. உடனே கான்சாஸ் சிட்டி டைம்ஸ் ஆசிரியர் ஜான் நியூமன் எட்வர்ட்ஸ், கொள்ளையரை ஆர்தர் மன்னனின் வட்டமேசை வீரர்களோடு ஒப்பிட்டுப் புகழ்ந்து எழுதினார். அடுத்த மாதம் அதே பத்திரிகையில், கொள்ளையர் எழுதியதாக ஒரு கடிதம் வந்தது. பழைய இங்கிலாந்துத் திருடர்கள் மூவரின் பெயர்களில் கையெழுத்து. நாங்கள் பணக்காரனிடம் எடுத்து ஏழைக்குக் கொடுக்கிறோம் என்ற வசனம் அந்தக் கடிதத்தில் இருக்கிறது.

திருடனே எழுதிக்கொண்ட நற்சான்றிதழ். அதை அச்சடித்தவர் திருடனின் அரசியல் கூட்டாளி. எட்வர்ட்ஸ் தெற்கத்தியக் குதிரைப்படையில் ஜெனரல் ஷெல்பியிடம் பணியாற்றியவர். தோல்வியை ஏற்க மறுத்து மெக்சிகோவுக்குப் போய்த் திரும்பியவர். தோற்ற கட்சிக்கு ஒரு வீரன் தேவைப்பட்டான். ஜெஸ்ஸிக்கு விளம்பரம் தேவைப்பட்டது. 1874-ல் கேட்ஸ் ஹில் ரயில் கொள்ளைக்குப் போகும்போதே, கொள்ளையைப் பற்றிய செய்தியை முன்கூட்டியே எழுதிக் கையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்த கும்பல் இது. ஏழைக்குக் கொடுத்ததற்கு ரசீது இல்லை. பத்திரிகைக்குக் கொடுத்ததற்கு இருக்கிறது.

2. வங்கியில் இருந்தது யாருடைய பணம்?

'வங்கியைத்தானே அடித்தான்' என்பவர்களுக்கு மனக்கண்ணில் வருவது நியூயார்க்கின் பெருமுதலாளி. 1866 பிப்ரவரி 13 அன்று மிசூரியின் லிபர்ட்டி நகரில் கொள்ளை போனது அப்படிப்பட்ட வங்கி அல்ல. கிளே கவுண்டி சேமிப்புச் சங்கம். போர் இல்லாத காலத்தில் பட்டப்பகலில் துப்பாக்கி முனையில் நடந்த முதல் அமெரிக்க வங்கிக் கொள்ளை என்று அதைச் சொல்வார்கள். பணமும் பத்திரங்களுமாக ஏறத்தாழ 60,000 டாலர் போயிற்று. ஜெஸ்ஸியின் பழைய கெரில்லாக் கூட்டாளிகளின் கைவரிசை என்பதே பொதுவான முடிவு. வைப்புத்தொகைக்கு ஒன்றிய அரசின் காப்பீடு 1933-ல் இயற்றிய சட்டத்தால் வந்தது. அதற்கு முந்தைய அறுபத்தேழு ஆண்டுகளில் ஒரு சிற்றூர் வங்கியின் பெட்டகம் காலியானால், அடி விழுந்தது அந்த ஊரில் பணம் போட்டவன் தலையிலும் பங்கு வாங்கியவன் தலையிலும்தான்: புகையிலை விற்ற காசு, கடைக்காரன் சேர்த்த காசு. ஊரை அடித்து உலையில் போட்டவனுக்கு ஊரின் காவலன் என்று பட்டம்!

லிபர்ட்டியில் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டவர் ஜார்ஜ் வைமோர், வில்லியம் ஜூவல் கல்லூரி மாணவர். அந்தக் கல்லூரியை நிறுவியவர்களில் ஜெஸ்ஸியின் தந்தை ராபர்ட் ஜேம்ஸ் பாதிரியாரும் ஒருவர். எந்தத் திரைக்கதாசிரியருக்கும் இது ஏன் தோன்றவில்லை என்று வியப்பேன்.

இன்னும் தெளிவான சாட்சி மின்னசோட்டாவின் நார்த்ஃபீல்ட். 1876 செப்டம்பர் 7 அன்று ஜேம்ஸ் சகோதரர்களும் யங்கர் சகோதரர்களும் கூட்டாளிகளுமாக எட்டுப் பேர் அங்கிருந்த ஃபர்ஸ்ட் நேஷனல் வங்கிக்குள் நுழைய வந்தார்கள். பொறுப்புக் காசாளர் ஜோசப் லீ ஹேவுட் பெட்டகத்தைத் திறக்க மறுத்தார். அடித்தார்கள், கழுத்தில் கத்தி வைத்தார்கள், அவர் திறக்கவில்லை. வெளியேறும்போது தலையில் சுட்டுக் கொன்றார்கள். தெருவில் நிக்கோலஸ் குஸ்டாஃப்சன் என்ற ஸ்வீடன் நாட்டுக் குடியேறி, ஆங்கிலம் புரியாமல், ஒதுங்கு என்ற கட்டளைக்கு ஒதுங்காமல் நின்றார். அவரும் குண்டடிபட்டுச் செத்தார். கும்பலுக்குக் கிடைத்தது 26 டாலர் 70 சென்ட்.

திருப்பிச் சுட்டது யார்? ராணுவம் அல்ல, பிங்கர்டன் ஆட்களும் அல்ல. இரும்புச் சாமான் கடைக்காரர் ஒருவர். விடுமுறைக்கு வந்திருந்த மருத்துவ மாணவர் ஒருவர். துப்பாக்கி கிடைக்காமல் கல்லெறிந்தவர்களும் உண்டு. கொள்ளையரில் இருவர் அங்கேயே விழுந்தார்கள். சுற்றுவட்டாரமே திரண்டு தேடியதில் இரண்டு வாரத்தில் இன்னொருவன் செத்தான், யங்கர் சகோதரர் மூவரும் பிடிபட்டார்கள். மக்கள் எப்போதும் கொள்ளையன் பக்கம் என்ற சூத்திரம் நார்த்ஃபீல்டில் ஏழு நிமிஷம்கூடத் தாங்கவில்லை.

ரயிலில் பயணிகளைத் தொடவில்லை என்பதும் பாதி உண்மைதான். ரயிலில் பணமும் பார்சலும் அனுப்பிய எக்ஸ்பிரஸ் கம்பெனியின் பெட்டகத்தில் பெரும்பணம் இருந்தால், பெட்டி பெட்டியாகப் போய்ப் பயணிகளின் பையைத் தடவுவது வீண் வேலை. அதில் ஆபத்தும் அதிகம். பெட்டகம் ஏமாற்றியபோது தடவினார்கள். 1873-ல் அயோவாவின் அடேரில் தண்டவாளத்தை இழுத்து ரயிலைக் கவிழ்த்தபோது செத்தவர் இன்ஜின் ஓட்டுநர் ஜான் ராஃபர்ட்டி. 1881-ல் மிசூரியின் வின்ஸ்டனில் செத்தவர்கள் ரயில் கண்டக்டர் வெஸ்ட்ஃபாலும் ஒரு பயணியும். ரயில் முதலாளி ஒருவர் மேலும் ஒரு கீறல் விழவில்லை.

3. 'ஏழை' என்கிறீர்களே, எந்த ஏழை?

மற்றவற்றை விட்டுக்கொடுத்தாலும் இதை விட்டுக்கொடுக்க மாட்டேன். 1860 மக்கள்தொகைக் கணக்கின்படி மிசூரியில் ஏறத்தாழ 1,15,000 பேர் அடிமைகள். அவர்களைவிட ஏழை அந்த மாநிலத்தில் யாரும் இருந்திருக்க முடியாது. தங்கள் உடம்பே தங்களுக்குச் சொந்தமில்லாதவர்கள். ஜேம்ஸ் குடும்பம் அவர்களை வைத்துப் புகையிலை பயிரிட்ட குடும்பம். ஜெஸ்ஸியின் பிள்ளைப் பருவமே அடிமை உழைப்பில் நின்றது. அந்த உழைப்பு கைவிட்டுப் போகாமலிருக்கத்தான் அண்ணன் ஃபிராங்கும் அவனும் துப்பாக்கி எடுத்தார்கள்.

ஃபிராங்க் சேர்ந்தது குவான்ட்ரில் தலைமையிலான கெரில்லாக் கூட்டத்தில். 1863 ஆகஸ்ட் 21 அன்று அந்தக் கூட்டம் அடிமை ஒழிப்பாளர்களின் ஊரான கான்சாஸ் மாநிலத்து லாரன்ஸுக்குள் விடியற்காலையில் புகுந்து, நூற்றைம்பதுக்கு மேற்பட்ட ஆண்களையும் சிறுவர்களையும் வீட்டு வாசலில் வைத்துக் கொன்றது. பதினாறு வயதில் ஜெஸ்ஸி சேர்ந்தது 'பிளடி பில்' ஆண்டர்சனின் கூட்டத்தில். 1864 செப்டம்பர் 27 அன்று மிசூரியின் சென்ட்ரேலியாவில் அந்தக் கூட்டம் ஒரு ரயிலை நிறுத்தி, விடுப்பில் வீடு திரும்பிக்கொண்டிருந்த இருபதுக்கு மேற்பட்ட நிராயுத வீரர்களை இறக்கி, உடையைக் களையச் சொல்லி, சுட்டுக் கொன்றது. ஜெஸ்ஸியின் தொழிற்பயிற்சி அந்தக் கூட்டத்தில் நடந்தது. ரயிலை நிறுத்தும் வித்தை 1873-ல் புதிதாகக் கற்றதல்ல.

போருக்குப் பிறகு மாறினானா? 1869 டிசம்பரில் கல்லட்டின் நகர வங்கியில் ஜான் ஷீட்ஸ் என்ற காசாளர் கொல்லப்பட்டார். ஆண்டர்சனைக் கொன்ற ஒன்றியப் படை அதிகாரி காக்ஸ் என்று அவரைத் தவறாக நினைத்துச் சுட்டார்கள். ஆள் மாறிப்போன பழிக்குப் பழி. ஜெஸ்ஸியின் பெயர் பத்திரிகையில் அடிபடத் தொடங்கியது இந்தக் கொலையிலிருந்து. அடேர் ரயில் கொள்ளையில் கும்பல், வெள்ளை இனவெறி அமைப்பான கு கிளக்ஸ் கிளானின் முகமூடி அணிந்து வந்தது. நார்த்ஃபீல்டுக்கு ஏன் அவ்வளவு தூரம் போனார்கள்? அடெல்பர்ட் ஏம்ஸின் பணம் அந்த வங்கியில் இருப்பதாகக் கேள்விப்பட்டோம் என்று கோல் யங்கரே பின்னாளில் காரணம் சொன்னான். ஏம்ஸ் யார்? ஒன்றியப் படையின் ஜெனரல். மிசிசிப்பியில் விடுதலை பெற்ற கறுப்பர்களின் வாக்குரிமைக்காக நின்று, வெள்ளை வன்முறையால் தோற்கடிக்கப்பட்டு, அதே 1876-ல் ஆளுநர் பதவியிலிருந்து விலக நேர்ந்தவர்.

பணக்காரன் என்பதற்காக அல்ல, எந்தப் பக்கம் நின்றான் என்பதற்காக இரை தேர்ந்தெடுக்கப்பட்ட தடங்கள் இவை. வரலாற்றாசிரியர் டி. ஜே. ஸ்டைல்ஸ் 2002-ல் வெளியிட்ட ஜெஸ்ஸியின் வாழ்க்கை வரலாறு இந்த அரசியலை விரிவாக நிறுவியிருக்கிறது. அதன் பிறகும் 'ஏழைகளின் கொள்ளைக்காரன்' என்று எழுதுபவர்கள், அந்த ஏழைகளின் கணக்கில் 1,15,000 பேரைச் சேர்க்க மறந்துவிட்டார்கள் என்று பொருள். மறதி தற்செயலானதும் அல்ல. எட்வர்ட்ஸ் செய்தது அதுதான்: அடிமை முறைக்காகப் போரிட்ட ஒருவனை, அடிமை முறையைச் சொல்லாமல், வெறும் 'அநீதிக்கு எதிரானவன்' ஆக்கியது.

உண்மையிலேயே அநீதிக்கு ஆளாகிச் சட்டத்திலிருந்து ஓடிய ஒருவரைத்தான் கொண்டாட வேண்டுமென்றால், ஆள் இருக்கிறார். 1901-ல் டெக்சாஸில், தன் சகோதரன் ரொமால்டோவைச் சுட்ட ஷெரீப்பைத் திருப்பிச் சுட்டுவிட்டு எல்லையை நோக்கி ஓடிய மெக்சிகப் பண்ணையாள் கிரெகோரியோ கோர்டெஸ். அவரைப் பற்றியும் பாட்டு உண்டு. அவர் எந்த வங்கியையும் கொள்ளையடிக்கவில்லை.

4. ஊர் ஒளித்து வைத்ததாம்; அன்பினாலா?

சிலர் அன்பினால்தான். ஆனால் அவர்கள் 'ஊர்' அல்ல; உறவினர், பழைய கெரில்லாக்கள், அவர்களின் குடும்பங்கள். மீதிப் பேர் வாய்மூடி இருந்ததற்கு டேனியல் ஆஸ்க்யூவின் கதி ஒரு காரணம். ஜேம்ஸ் பண்ணைக்கு அடுத்த நிலத்துக்காரர். பிங்கர்டன் ஆட்களுக்கு உதவினார் என்ற சந்தேகம். 1875 ஏப்ரலில் ஓர் இரவு தன் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அண்டை வீட்டில் இப்படி ஒரு பிணம் விழுந்தபின் காக்கப்படும் மௌனத்தை ஆதரவு என்று எண்ணுவது, கந்துவட்டிக்காரனைப் பற்றித் தெருவில் யாரும் புகார் கொடுக்கவில்லை என்பதால் அவன் நல்லவன் என்பது போன்றது. கடைசியில் 1882 ஏப்ரல் 3 அன்று ஜெஸ்ஸியை முதுகுப் பக்கமிருந்து சுட்ட பாப் ஃபோர்டு போலீஸ்காரன் அல்ல, அவன் வீட்டிலேயே தங்கிச் சாப்பிட்ட கூட்டாளி. ஆளுநர் கிரிட்டன்டன் அறிவித்த சன்மானத்துக்குப் பணம் தந்தவை ரயில், எக்ஸ்பிரஸ் கம்பெனிகள். யாரை எதிர்த்தான் என்று பாடுகிறார்களோ, அவர்களின் பணப்பைக்கு அவன் கூட்டாளியின் விசுவாசம் விலைபோனது.

5. மற்றவர்கள்?

பில்லி த கிட் சண்டையிட்ட 1878-ன் லிங்கன் கவுண்டிப் போர், நிலமற்றவர்களின் கலகம் அல்ல. ராணுவ முகாமுக்கும் அப்பாச்சி ஒதுக்கிடத்துக்கும் மாட்டிறைச்சி விற்கும் ஒப்பந்தம் யாருக்கு என்று இரண்டு வணிகக் கோஷ்டிகள் அடித்துக்கொண்டதில், ஒரு கோஷ்டிக்குக் கூலிக்குத் துப்பாக்கி பிடித்தவன் அவன். இருபத்தொரு வயதுக்கு இருபத்தொரு கொலை என்பதும் கட்டுக்கதை. எண்ணிப் பார்த்தவர்கள் பத்துக்குள் முடிக்கிறார்கள்.

போனியும் கிளைடும் பெரும்பாலும் அடித்தது வங்கிகளையே அல்ல. மளிகைக் கடைகளையும் பெட்ரோல் பங்குகளையும். பெருமந்தத்தில் ஒரு சிறு கடைக்காரனின் அன்றைய கல்லாவைத் துடைப்பதில் என்ன வர்க்கப் போராட்டம்? கிளைடு பாரோ ஈஸ்ட்ஹாம் சிறைப் பண்ணையில் பட்ட கொடுமை உண்மை. டெக்சாஸ் அரசுக்கு அது அழியாத களங்கம். அந்தக் களங்கத்துக்கு விலை கொடுத்தவர்கள் யார்? கும்பலின் கணக்கில் பதின்மூன்று கொலைகள். 1934 ஏப்ரல் 1, ஈஸ்டர் ஞாயிறன்று கிரேப்வைன் அருகே செத்த இரண்டு நெடுஞ்சாலைக் காவலர்களில் ஒருவரான மர்ஃபிக்கு மோட்டார் சைக்கிள் ரோந்தில் அதுதான் முதல் நாள்; இரண்டு வாரத்துக்குள் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சிறையை நடத்திய யாரும் சாகவில்லையா என்றால், 1934 ஜனவரியில் ஈஸ்ட்ஹாமிலிருந்து கூட்டாளிகளைத் தப்பவைத்தபோது ஒரு காவலர் செத்தார். சம்பளக்காரர்.

புட்ச் காசிடியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல சுபாவக்காரன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். 1899-ல் வில்காக்ஸ் ரயில் கொள்ளைக்குப் பின் அவன் கும்பலைத் துரத்திச் சென்று சுடப்பட்டுச் செத்த ஷெரீப் ஹேசனின் குடும்பத்தாரிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

6. உண்மையா பொய்யா என்பதல்ல முக்கியம், மக்கள் ஏன் நம்பினார்கள் என்பதே முக்கியம் என்பார்கள்.

ஹாப்ஸ்பாம் பக்கம் நிற்பவர்களின் கடைசிக் கோட்டை இது. ஆன்டன் பிளாக் என்ற டச்சு மானுடவியலாளர் 1972-லேயே இதற்குப் பதில் எழுதினார்: கொள்ளையர் பெரும்பாலும் உள்ளூர் வல்லமைக்காரர்களின் நிழலில் பிழைத்தவர்கள், குடியானவர்கள் ஒன்றுசேர்வதற்கு உதவியதைவிட இடைஞ்சல் செய்ததே அதிகம். மிசூரிக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை. அங்கே 'மக்கள்' நம்பினார்கள் என்பதற்குள், மலிவு நாவல் அச்சடித்தவர்கள் 1881-லிருந்து விற்ற நம்பிக்கை எவ்வளவு? மகன் கல்லறைமேலிருந்த கூழாங்கல்லைக்கூட விற்ற ஜெரெல்டா, பண்ணையைச் சுற்றிக்காட்ட ஆளுக்கு 25 சென்ட் வாங்கினாள். ஒற்றைக் கையோடு பிழைக்க வேண்டிய கிழவி. அவளை நான் குறை சொல்லவில்லை. அந்தக் காசு கொடுத்துப் பார்த்துவிட்டு வந்ததை மக்களின் கூட்டு மனசாட்சி என்று எழுதுவதைத்தான் குறை சொல்கிறேன்.

7. கொள்ளையன் அதிகாரத்தைப் பலவீனப்படுத்தினானா?

நேர்மாறு. ஜேம்ஸ் கும்பலைத் துரத்திப் பெயர் வாங்கிய பிங்கர்டன் கம்பெனிதான் 1892-ல் ஹோம்ஸ்டெட் இரும்பாலையில் வேலைநிறுத்தக்காரர்களுக்கு எதிராக முந்நூறு ஆட்களை அனுப்பியது. டில்லிஞ்சரும் ஃபிளாய்டும் தலைப்புச் செய்தியாக இருந்த 1934 மே மாதத்தில் வங்கிக் கொள்ளை ஒன்றிய அரசின் குற்றமாகியது. அடுத்த மாதம் ஒன்றியப் புலனாய்வு அமைப்பின் தலைவர் எட்கர் ஹூவரின் ஆட்களுக்குத் துப்பாக்கி வைத்துக்கொள்ளவும் கைது செய்யவும் அதிகாரம் வந்தது. அடுத்த ஆண்டு அந்த அமைப்புக்கு எஃப்.பி.ஐ. என்று பெயர். அது பின்னால் யாரையெல்லாம் வேவு பார்த்தது என்பதற்கு மார்ட்டின் லூதர் கிங்கின் பெயர் ஒன்று போதும். டில்லிஞ்சர் இல்லாவிட்டாலும் ஹூவர் வேறு வழி கண்டிருப்பார் என்று சொல்லலாம். சொல்லுங்கள். ஆனால் டில்லிஞ்சரைக் கலகக்காரன் என்று மட்டும் சொல்லாதீர்கள். கலகக்காரர்களை அடக்கப் பயன்பட்ட கையை வளர்த்துவிட்டவர்களில் அவனும் ஒருவன்.

8. அடமானப் பத்திரத்தை எரித்தார்களே?

ஃபிளாய்டைப் பற்றியும் டில்லிஞ்சரைப் பற்றியும் விடாமல் சொல்லப்படும் கதை: கொள்ளையடித்த வங்கியில் ஏழை விவசாயிகளின் அடமானப் பத்திரங்களைக் கிழித்துப் போட்டார்கள், கடன் தீர்ந்தது. கடன் அப்படித் தீராது. அடமானம் கவுண்டியின் பதிவு அலுவலகத்தில் பதிவாகியிருக்கும். வங்கிப் பேரேட்டிலும் இருக்கும். கையிலிருந்த தாள் எரிந்தால் கடன் கொடுத்தவன் வேறு சான்று காட்டுவான். ஃபிளாய்ட் எந்தக் கவுண்டிப் பதிவகத்தையும் கொளுத்தியதாகப் பாடக்கூட யாரும் துணியவில்லை.

அதே வருஷங்களில் அடமானத்தை நிஜமாகவே நிறுத்தியவர்கள் உண்டு. அயோவாவில் 1932-ல் மைலோ ரெனோ தலைமையில் விவசாயிகள் பாலும் தானியமும் நகரத்துக்குப் போகாமல் சாலையை மறித்தார்கள். அயோவாவிலும் நெப்ராஸ்காவிலும் ஒரு பண்ணை ஏலத்துக்கு வந்தால் அக்கம்பக்கத்தவர் நூற்றுக்கணக்கில் போய் நின்றார்கள். பசுவுக்குச் சில சென்ட், டிராக்டருக்குச் சில சென்ட் என்று கேட்டார்கள். மேலே கேட்க வந்த வெளியூர்க்காரனை முறைத்துப் பார்த்து வெளியே அனுப்பினார்கள். ஏலம் முடிந்ததும் எல்லாவற்றையும் பழைய சொந்தக்காரனிடமே கொடுத்தார்கள். சில இடங்களில் கயிற்றுச் சுருக்கும் தொங்கியது. லீ மார்ஸ் என்ற ஊரில் 1933 ஏப்ரலில் ஒரு நீதிபதியை நீதிமன்றத்திலிருந்து இழுத்துப்போய்க் கழுத்தில் கயிறு மாட்டினார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். அவர்கள் சாதுக்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அவர்கள் முகமூடி போடவில்லை. ஒருவருக்கொருவர் பெயர் தெரிந்தவர்கள். கிடைத்ததைத் தாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த நெருக்கடியில்தான் மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடமான நிறுத்தச் சட்டங்களை இயற்றின. மின்னசோட்டாவின் 1933 சட்டத்தைக் கடன் கொடுத்தவர்கள் உச்ச நீதிமன்றம் வரை இழுத்தார்கள். 1934 ஜனவரி 8 அன்று, ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. மறு வாரம், ஜனவரி 15 அன்று, இந்தியானாவின் ஈஸ்ட் சிகாகோ வங்கியை டில்லிஞ்சர் கும்பல் கொள்ளையடித்தது. வில்லியம் பேட்ரிக் ஓ'மாலி என்ற ரோந்துக் காவலர் கொல்லப்பட்டார், அந்தக் கொலைக்காக டில்லிஞ்சர்மேல் வழக்குப் பதிவானது. ஜனவரி 8-ல் மின்னசோட்டாவில் வீடும் நிலமும் தப்பின. ஜனவரி 15-ல் தப்பியது டில்லிஞ்சரின் கும்பல் மட்டும்தான். இதுவரை அதிகம் படம் எடுக்கப்பட்டிருப்பது அவனைப் பற்றித்தான்.